ஒறம்பரை வந்த வீடு

அண்ணா,

நானும் பாப்பாவும் நல்லபடியாகப் பல்லடம் வந்து சேர்ந்துவிட்டோம்.

நேற்று எங்களுக்காகக் கோழி அடித்தீர்கள். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன். "ஒறம்பரை தட்டுக் கழுவலாமா அம்மணி, குடுங்க" என்று அண்ணி வாங்கிக்கொண்டார்.

உறவின்முறை என்பதுதான் தேய்ந்து ஒறம்பரை ஆனதாம். ஒரு காலத்தில் சொந்தம் அத்தனைக்கும் அதுதான் பெயர். இப்போது நம் வீட்டில், விருந்துண்டு திரும்பிப் போகிறவர்களுக்கு மட்டும்.

இந்த வெயிலில் எதற்கு முழுக்கை ரவிக்கை என்று கேட்பீர்கள் என நினைத்தேன். "மாப்ள சௌக்கியமா?" என்றீர்கள். சௌக்கியம் என்றேன்.

விடிந்ததும் புதுச்சேலை கொடுத்து, காரும் பேசிவிட்டீர்கள். பாப்பாவின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் அத்தனையும் நான் கொண்டுவந்த பையில்தான் இருந்தன. "என்னம்மா இந்தக் கனம்!" என்று சிரித்தபடி நீங்களேதான் அதைத் தூக்கிக் காரில் வைத்தீர்கள்.

உங்கள் தங்கை