அசனத்தில் கடைசி ஆள்

இராஜபாளையம்,
14.11.1994, திங்கள்.

அன்புள்ள தம்பி அன்புடையானுக்கு, அண்ணன் ஞானாபரணம் எழுதுவது.

நேற்று முன்தினம் சனிக்கிழமை மாலை, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போதகர் கொண்டுவந்த திருவிருந்து அப்பத்தையும் திராட்சரசத்தையும் அம்மா வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை. பிளவக்கல் அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று செய்திக்காகப் போயிருந்தேன். இதை என்னிடம் சொன்னவர் போதகர். கட்டிலருகே இருந்த பக்கத்து வீட்டுப் பாலம்மாளிடமும் தனியாகக் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போவதால் உறுதியாக எழுதுகிறேன்.

எல்லோரும் சுகம் என்று தொடங்கும் வழக்கத்தை இந்த முறை விட்டுவிட்டேன். தந்தி கொடுக்கவும் மனம் வரவில்லை. நம் குடும்பத்துக்கு வந்த தந்திகள் எல்லாம் ஒரே சேதியைத்தான் சொல்லியிருக்கின்றன. நாக்பூரில் உன் வீட்டு வாசலில் தந்திக்காரன் நின்றால், படிக்கும் முன்பே நீ முடிவுக்கு வந்துவிடுவாய். அந்த முடிவு இன்னும் வரவில்லை.

அம்மாவுக்கு இதயம் தளர்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். காலில் நீர் கோத்திருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுவதால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இருக்கிறார்கள். மதுரைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். வழியில் தாங்காது என்றார். வயது எண்பத்தாறு ஆகிறது. ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. பாலம்மாள் கஞ்சி கொண்டுவந்தால், “ஏட்டி, இது கஞ்சியா, இல்ல கஞ்சிப் பானையைக் கழுவின தண்ணியா?” என்று கேட்கிறார்கள். பாலம்மாளும் விடுவதில்லை. “உப்பு சேக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ருசி வேணும்னா அவரப் போயி வையுங்க” என்கிறாள். உன் மதினி வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருக்கிறாள். நான் வேலை முடிந்ததும் இராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போகிறேன்.

வீட்டுக் கதவைச் சாத்த முடியவில்லை. சபையார் வந்தபடியே இருக்கிறார்கள். அந்தச் சபையில் ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பெரும்பாலோரைக் குழந்தையாகக் கையில் வாங்கியவர் அம்மா. வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று அழுதால், “நான் இன்னும் இருக்கேன், பொறவு அழலாம்” என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமானவர் யாரேனும் படுக்கையில் விழுந்தால், அவர் வாழ்க்கைக் குறிப்பை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். போன வாரம் அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தேன். வ. புதுப்பட்டியில் பிறந்தார். பதினேழு வயதில் மிஷன் பள்ளி ஆசிரியருக்கு மனைவியாக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். ஐம்பது வயதில் விதவையானார். வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது சபைக்கென்று எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியைச் சனிக்கிழமைதோறும் நடந்தே போய் வாங்கி வந்தார். இதுவரை எழுத முடிந்தது. அதற்கு மேல் ஓடவில்லை. பெரிதாக எதையும் கட்டவில்லை, மேடையில் பேசவில்லை. சபையில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். அதை எப்படிச் செய்தியாக்குவது?

அசனத்தையும் எழுத நினைத்தேன். உனக்கு நினைவிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை கோவில் காம்பவுண்டில் சபை முழுவதும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்தில், அம்மா ஒரு முறைகூடக் கடைசிப் பந்திக்கு முன் உட்கார்ந்ததில்லை. எல்லோரும் எழுந்த பிறகு காம்பவுண்டு வாசல் வரை போய், “யாராவது பசியோட நிக்கியளா?” என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் தமக்கு இலை போடச் சொல்வார்கள். எத்தனையோ அசனத்தில் குழம்பு தீர்ந்து, வெறும் ரசத்தோடு எழுந்திருக்கிறார்கள்.

இனி நீ அறிந்த விஷயத்துக்கு வருகிறேன். அதில் உனக்குப் பாதிதான் தெரியும். எனக்கும் போன சனிக்கிழமை வரை பாதிதான் தெரியும்.

1982-இல் நம் சபையைச் சேராத பெருந்தேவியை நீ பதிவு அலுவலகத்தில் மணந்தபோது, இனி உனக்குத் திருவிருந்து இல்லை என்று உன்னைச் சபையின் ஐக்கியத்திலிருந்து நீக்கக் கமிட்டி கூடியது. கமிட்டியில் ஒரே பெண் அம்மா. நீக்க வேண்டும் என்று முதலில் கை தூக்கியதும் அம்மாதான். இது உன் காதுக்கு வந்தது. “அந்தக் கை இனி என்னை ஆசீர்வதிக்க வேண்டாம்” என்று எனக்கு எழுதினாய். அம்மா அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். மறுபடி ஒரு முறை வாசிக்கச் சொன்னார்கள்.

அன்றைக்குக் கமிட்டியில் நடந்ததை, கோவிலைக் கூட்டி மணி அடிக்கும் கோயில்பிள்ளை வைகுண்டராஜ் நேற்று என்னிடம் சொன்னார். கூட்டத்துக்குக் காப்பி கொடுத்துக்கொண்டு நின்றவர் அவர். மற்றவர்கள் எல்லாம், பரிபூரணத்தம்மா முகத்துக்காக இதை விட்டுவிடலாம் என்றுதான் பேசி வந்திருந்தார்களாம். கூட்டம் முடியப்போகும் நேரத்தில் அம்மா எழுந்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் வன்னியம்பட்டியில் களையெடுக்கும் முத்தாத்தாளின் மகள் இந்துக் கோவிலில் தாலி கட்டிக்கொண்டதற்காக இதே கமிட்டி அவளை நீக்கியது. அன்றைக்கு அம்மாவும் சம்மதித்தவர்தான். வைகுண்டராஜ் சொன்னது சொன்னபடி: “முத்தாத்தா மவளுக்கு ஒரு சட்டம், எம் மவனுக்கு ஒரு சட்டமா? அந்தப் பிள்ளையைத் திரும்பச் சேப்பீயளா, சொல்லுங்க. சேக்க மாட்டியன்னா இவனையும் எடுங்க.” அவளைச் சேர்க்க ஒருவரும் முன்வரவில்லை. அம்மா கை தூக்கினார்கள். அவர்கள் தூக்கியதைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை. அன்று முதல் இன்றுவரை பன்னிரண்டு வருடம் அம்மா அப்பமும் திராட்சரசமும் வாங்கவில்லை.

இதை எப்படி ஒருவரும் கவனிக்காமல் இருந்தார்கள் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். நான் இராஜபாளையம் சபையில் ஆராதனைக்குப் போகிறவன், பார்த்திருக்க முடியாது. அங்கே உள்ளவர்களோ பார்த்தும் அறியவில்லை. பெண்கள் திருவிருந்து வாங்கப் பலிபீடத்துக்குப் போகும் நேரம், கைக்குழந்தைக்காரிகளிடமிருந்து பிள்ளைகளை வாங்கிக்கொண்டு அம்மா வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். தாய்மார் திரும்பி வந்து பிள்ளைகளை வாங்கும்போது ஆராதனை முடிந்திருக்கும். ஊழியம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இந்த நல்ல குணத்தைப் பற்றி ஒரு போதகர் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார். வைகுண்டராஜுக்கு மட்டும் தெரியும். “பச்சப்பிள்ள ஒண்ணுகூட வராத நாள்லயும் அம்மா மரத்தடிக்குப் போவாவ, சார்வாள். வெறுங்கையோட நிப்பாவ. நான் என்னத்தக் கேக்க?” என்றார்.

சனிக்கிழமை போதகர், ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். இந்தப் போதகர் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, இளையவர். பழைய வழக்கப்படி அம்மாவுக்கு அவரும் ‘ஐயர்’தான். அம்மா சொன்ன பதில், பாலம்மாள் வாய்மொழியாக: “என் கடைசிப் பிள்ள வெளிய நிக்கான். அவன நிறுத்தினது நாந்தான், அது நியாயந்தான். அதுக்காக நான் உள்ள உக்காந்து சாப்பிட முடியுமா? அசனத்துல கூட நான் அப்படி உக்காந்ததில்ல, ஐயரே. இது கர்த்தரோட பந்தி.”

பாலம்மாள் நம் மதத்துக்காரி இல்லை. திருவிருந்து என்றால் என்னவென்று அவளுக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் இதைச் சொன்னபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தம்பி, உன்னை நான் குறை சொல்ல வரவில்லை. நீ வருந்த வேண்டிய காரியம் எதையும் செய்ததாக நான் நினைக்கவில்லை. நீ தவறு செய்தாய் என்று அம்மா சொல்லியும் கேட்டதில்லை. சட்டமும் பாசமும் தனித்தனியாக நடந்துபோயின. அம்மா இரண்டின் பின்னாலும் போனார்கள்.

இன்னொரு செய்தி. வியாழக்கிழமை உன் மாமனார் சக்ரபாணி வந்திருந்தார். தேர் நிற்கும் தெருவில் இருந்துகொண்டு, இத்தனை வருடம் நம் வீட்டைக் கண்டும் காணாமல் போன மனிதர். முதலில் கேட்டுக்கு வெளியே நின்றார். ஜன்னல் வழியே பார்த்துவிட்டு அம்மா குரல் கொடுத்தார்கள்: “வாரும் சம்பந்தி. உம்ம வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் எம்புட்டு தூரம்னு பன்னெண்டு வருசமா அளந்தீரோ?” அவர் சிரித்துவிட்டார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம், குடித்தார். போகும்போது என்னைத் தனியே அழைத்து, “பெருந்தேவி வந்தாள்னா ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கோ. நானே வந்து பாத்துக்கறேன்” என்றார். அவருக்கும் உடம்பு நன்றாக இல்லை. அதைப் பெருந்தேவிக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உன் விருப்பம்.

மழை இந்த வருடம் பரவாயில்லை. பின்பக்க ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. அம்மா இருக்கும் அறையில் இல்லை. ஆள் வைத்து ஏறினால் சத்தம் கேட்கும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

இப்போது நிலுவையில் இருப்பவற்றைச் சொல்கிறேன். உன்னைத் திரும்பச் சேர்க்க அனுமதி கேட்டுப் போதகர் இன்று பேராயர் அலுவலகத்துக்கு எழுதுகிறார். எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, “முத்தாத்தா மவளையும் சேத்து எழுதும், இல்லன்னா எழுதாதியும்” என்று அம்மா சொன்னதால் இரண்டு பெயரும் போகின்றன. பதில் இருபத்து நாலாம் தேதிக்குள் வரும் என்று எதிர்பார்க்கிறார். வராவிட்டாலும், இருபத்தேழாம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு மறுபடி வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அறையில் யார் கை நீட்டினாலும் கொடுப்பேன், அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். நீ மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் சொல்ல மாட்டார். இதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நீங்கள் சென்னைக்கு வந்து இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை கொல்லம் மெயிலைப் பிடித்தால், சனிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கலாம். நான் ஸ்டேஷனில் நிற்பேன். வருகிறாயா என்று நான் கேட்டு நீ பதில் எழுத நேரமில்லை, எழுதாவிட்டாலும் நிற்பேன். இருபத்தேழு வரை தாங்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். “சொல்ல முடியாது” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் நானாக எதையும் சேர்க்கவில்லை.

நேற்று இரவு கிளம்பும்போது, அன்புடையானுக்கு எழுதப்போகிறேன், என்ன எழுத என்று அம்மாவிடம் கேட்டேன். ஆசீர்வாதம் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன். கையைத் தூக்கப் பார்த்து, தூக்க முடியாமல் போர்வை மேலேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு சொன்னார்கள்: “பெருந்தேவியையும் பிள்ளையையும் கூட்டிட்டு வரச் சொல்லு. நம்ம வீட்டுல தனியா எல போடுவாகளோன்னு மருமவ நெனச்சிருப்பா. அப்படியில்லன்னு எழுது. எனக்குத்தான் கடைசியில போடணும்.”

கர்த்தர் உங்கள் மூவரையும் வழியில் காப்பாராக.

உன் அண்ணன்,
ஞானாபரணம்.