பஞ்சருக்குக் கேட்காமல் ஒரு கடிதம்

ஆவூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள இசை அப்பாவுக்கு,

மாதாவின் கிருபையால் நானும் அத்தையும் பாப்பா இசையும் சுகம். ‘கடிதம் வருகிறது, அதுவரை கூப்பிட வேண்டாம்’ என்று ஒரே வரியில் மெசேஜ் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த மணல்காட்டில் உட்கார்ந்து என்னென்ன நினைத்துப் பயந்தீர்களோ. யாருக்கும் ஒன்றும் இல்லை. உங்கள் மேல் கோபமும் இல்லை. விஷயம் பஞ்சரைப் பற்றியது. லீவு முடிந்து உங்கள் கம்பெனிக்குத் திரும்பும் பெலிக்ஸ் அண்ணன் வசம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

போனிலேயே டைப் செய்திருக்கலாம். படித்ததும் நீங்கள் கூப்பிடுவீர்கள். நானும் எடுத்துவிடுவேன். உங்கள் குரல் கொஞ்ச நாளைக்கு இந்த வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

பஞ்சர் கடை டயருக்குள் நடுங்கிக்கொண்டிருந்த நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்து நீங்கள் கொண்டுவந்த நாளிலிருந்து, அது ஒரு வேளைச் சோற்றைக்கூட விட்டதில்லை. இந்த மழை தொடங்கியதிலிருந்து கறிக்குழம்பு ஊற்றினாலும் முகர்ந்து பார்த்துவிட்டு வாசல் கேட்டுப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அத்தை கோயில் எண்ணெயை நெற்றியில் தடவி ஜெபமாலை சொன்னார்கள். நான் நெட்டில் தேடித் தேடி, இல்லாத வியாதியெல்லாம் அதற்கு இருக்கிறதென்று நம்பினேன். பாப்பாவுக்கு ஏதாவது ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேறு.

ஒரு மத்தியானம் பாப்பாவின் பாய்க்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பஞ்சர், திடீரென்று நாலு காலும் உதற, உதடு துடிக்க, முனக ஆரம்பித்தது. வலிப்பு என்று அலறிவிட்டேன். என் சத்தத்தில் கண் விழித்து என்னைப் பார்த்து வாலாட்டியது. நான் விடவில்லை. உதயசூரியன் அண்ணன் ஆட்டோவில் எல்லோருமாக ஏறிக் கால்நடை மருந்தகத்துக்குப் போய்விட்டோம்.

அங்கே மோகனப்ரியா என்று ஒரு டாக்டர், என் வயதுதான் இருக்கும். சுற்றிலும் ஆடுகள், ஒரு சினைப்பசு. நடுவில் பஞ்சரை மேசையில் நிறுத்தி ஈறைப் பார்த்தார், காதை விரித்து உண்ணி எடுத்தார், ரத்தம் எடுத்துப் புதுக்கோட்டைக்கு அனுப்பினார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “வலிப்புன்னா கூப்பிட்ட ஒடனே முழிச்சு வாலாட்டாதும்மா. அது கனவுல ஓடிருக்கு, ஓடட்டும் விடுங்க” என்றார். அத்தைக்கு ஆச்சரியம். “நாய்க்கு என்னத்தடி கனவு வரப்போகுது?” என்று வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. உண்ணிக் காய்ச்சல் இல்லை, ஈரலும் சுத்தம். இரண்டாம் தடவை போனபோதுதான், பஞ்சர் எப்போதெல்லாம் சாப்பிடுவதில்லை என்று டாக்டர் விசாரித்தார். காலையில் கொஞ்சம் நக்கும், ராத்திரி தொடவே தொடாது என்றேன். ராத்திரி வீட்டில் என்ன நடக்கும் என்றார். இசை அப்பா கூப்பிடுவார்கள், பஞ்சருக்கும் கேட்கட்டுமென்று மழை தொடங்கியதிலிருந்து ஸ்பீக்கரில் போடுகிறோம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். “தெனமும் அது கிட்ட ‘வந்துட்டேன், வந்துட்டேன்’னு சொல்லிட்டு வராமலே இருக்கீங்கம்மா. கொரல் கேட்டா ஆளு வாசல்ல நிக்கணும், அதுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். வாடை இல்ல, ஆளு இல்ல. விடிய விடிய கேட்டுல காவல் கெடந்தா எப்படிச் சோறு எறங்கும்? இப்படியே போனா ஒடம்பு தாங்காது” என்றார். வீட்டில் வேறு யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லையா என்று என்னைப் பார்த்தும் கேட்டார். எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறோம் என்றேன். உடனே அத்தை, “பொய்யி. இவளுந்தான் திங்கிறதில்ல. இவளுக்கும் சேத்து ஒரு ஊசியப் போட்டு விடுங்கம்மா” என்றார்கள். ஆடு பிடித்து நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கே போன் சத்தத்தை அடக்கி அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டேன். நீங்கள் கூப்பிடும் நேரம் வரும்போதெல்லாம் வீடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போல இருந்தது. வெளியே மழை, விராலிமலை பக்கமிருந்து வழிதவறி வந்த மயில்களின் அகவல், வேறு சத்தமே இல்லை. பஞ்சர் டின்னைப் பார்க்கும், கேட்டைப் பார்க்கும், என்னைப் பார்க்கும். பிறகு ஒரு நாள் தயிர்ச்சோற்றில் ஒரு வாய் எடுத்தது. போகப் போகத் தட்டையே நக்கித் துடைத்தது. இப்போது ராத்திரி கேட்டுப் பக்கம் போவதில்லை. டாக்டருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்குத்தான் திக்கென்றது. அவங்களை மறந்துவிட்டதா என்று கேட்டேன். “மறக்காதும்மா. காத்துக் கெடக்கிறத விட்டுருச்சு, அவ்வளவுதான்” என்றார்.

இது நல்ல செய்தி. இதோடு கடிதத்தை முடித்திருக்க வேண்டும்.

பேசி முடித்ததும் பாப்பா போனைத் திருப்பி அதன் முதுகில் உங்களைத் தேடுவாள் என்று சொல்வேனே, நீங்கள் கூடச் சிரிப்பீர்களே. நேற்று டின்னிலிருந்து போனை எடுத்து உங்கள் படத்தைக் காட்டினேன். பார்த்தாள். திருப்பவில்லை. கீழே வைத்துவிட்டுப் பஞ்சரின் காதைப் பிடித்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். பஞ்சருக்கு அது குணம். இவளுக்கு அது என்ன என்று நான் எந்த டாக்டரிடம் கேட்பது?

கடைசியாகப் பேசியபோது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டீர்கள். உங்கள் இஷ்டம் என்றேன். சிக்னல் சரியில்லை, என் குரல் எப்படிக் கேட்டதோ தெரியவில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பஞ்சரின் கால்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. பக்கத்தில் பாப்பாவும் தூக்கத்தில் சிரிக்கிறாள், கால் விரல்கள் அசைகின்றன. இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள் போலிருக்கிறது. நான் எழுப்பவில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். வரும்போது ஆளும் வாடையும் குரலும் ஒன்றாக வரவேண்டுமாம். அதனால் ஏர்போர்ட்டில் இறங்கிக் கூப்பிட வேண்டாம். துருப்பிடித்த கேட்டுக் கொண்டிக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன். சாவி அதே இடத்தில்தான் இருக்கிறது. மாதா உங்களைப் பத்திரமாக வாசல்வரை நடத்திக் கொண்டுவரட்டும்.

உங்கள்,
பிரின்சி