மனேஜர் வேலைக்கு நான் எழுதிய விண்ணப்பம்

இன்று காலை என் மனைவி குசினியில் தோடம்பழம் வெட்டினாள். வழக்கமாகத் தோலை உரித்துச் சுளை சுளையாகத்தான் தருவாள். இன்று என்ன நினைத்தாளோ, தோலோடு நான்காக வெட்டித் தட்டில் வைத்துவிட்டாள். மணம் மூக்கில் ஏறியதும் நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வெளியே போய்விட்டேன். இந்த மனுசனுக்கு என்ன பிடித்தது என்று அவள் முணுமுணுத்தது கேட்டது. பிறகு அவளுக்கும் விளங்கியிருக்கவேண்டும். நான் திரும்பி வந்தபோது தட்டு மேசையில் இல்லை.

நீ போய் நான்கு மாதமாகிறது. உனக்கு ஒரு சொல்லும் விளங்காத தமிழில் இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் உனக்காக எழுதி நான் கிழித்தது போதும். நீ என்னைவிட ஐந்து வயது மூத்தவன், ஊரில் என்றால் ‘நீங்கள்’ என்றுதான் எழுதியிருப்பேன். நாம் பேசிய உடைந்த ஆங்கிலத்தில் அந்த வித்தியாசம் இருக்கவில்லை. ஆகவே ‘நீ’ என்றே போகட்டும், கோபிக்காதே.

உதைபந்தாட்ட இடைவேளையில் தோடம்பழம் கொடுப்பது இந்த நாட்டுப் பழக்கம். மற்ற அணிகளில் யாராவது ஒருவர் வீட்டிலிருந்தே வெட்டிக் கொண்டுவந்து தட்டை நீட்டுவார். நீ அப்படி விடமாட்டாய். மைதான ஓரத்தில் பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்து, உன் சின்னக் கத்தியால் நீயே வெட்டுவாய். ஒவ்வொருவனையும் தனியாகக் கூப்பிட்டு, ஒரு துண்டும் ஒரு வசனமும் கொடுப்பாய். அதற்கு மேல் பேச்சில்லை. பதினொரு பேருக்கும் கொடுத்து முடித்தபின் செயலாளர் என்ற முறையில் எனக்கும் ஒரு துண்டு வரும். எனக்கான வசனம் அனேகமாக நடுவரைப் பற்றிய கெட்ட வார்த்தையாக இருக்கும்.

ஸ்பானியர்களின் அணிக்கு ஒரு யாழ்ப்பாணத்தான் செயலாளர். இதைச் சொல்லிச் சொல்லி என் மனைவி எத்தனை நாள் சிரித்திருப்பாள்!

எழுபத்து மூன்றில் நான் சிட்னிக்கு வந்தபோது பென்டில் ஹில்லில் எங்களைப் போன்ற முகங்களை விரல்விட்டு எண்ணலாம். ஊரில் பத்து வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவனுக்கு இங்கே கிடைத்தது பிளாக்டவுன் பக்கம் குளிர்ப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. நீ பெட்டிக்குக் கதவு பொருத்திப் பூட்டுவாய், நான் உனக்கு அடுத்ததாக நின்று கைபிடி பூட்டுவேன். வலது முழங்காலை மடக்காமல் நீ நிற்கும் விதத்தைப் பார்த்து, விபத்தா என்று கேட்டேன். “கோல்” என்றாய். கடைசியாகப் போட்ட கோலில் போன முழங்கால் அது. வட ஸ்பெயினில் ஒரு துறைமுக ஊரில் நீ முன்னணி ஆட்டக்காரனாக இருந்ததையும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே உன் பெயரைச் சொல்லிக் கத்தியதையும் நீ சொன்னபோது நான் முழுதாக நம்பவில்லை. புலம்பெயர்ந்தவன் எவன்தான் ஊரில் பெரிய ஆளாக இருக்கவில்லை! பிறகு ஒரு நாள் பத்திரிகைத் துண்டுகள் நிரம்பிய தோல்பையைக் கொண்டுவந்து காட்டினாய். ஒவ்வொரு படத்திலும் பந்து வலைக்குள் இருந்தது, நீ ஓடிக்கொண்டிருந்தாய்.

கால் போனபின் இங்குள்ள உன் ஊர்க்காரர்களின் அணிக்கு நீ மனேஜரானாய். உனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆகவே என்னை இழுத்தாய். உன் அணிப் பையன்கள் நடுவரைத் திட்டிவிட்டு வருவார்கள், சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். நான் எங்கள் கந்தோர்ப் பாணியில், தாழ்மையுடன் சமர்ப்பித்து, பெருமனதோடு பொறுத்தருளும்படி வேண்டி, கீழ்ப்படிந்த ஊழியன் என்று முடித்துப் பதில் எழுதுவேன். நான்கு ஆட்டத் தடை ஒன்றாகக் குறையும். நீ என் முதுகில் அறைந்து, “உன்ர பேனையும் கோல் போடுது” என்பாய். உன் பேச்சை என் ஊர்த் தமிழில்தான் எழுத வருகிறது. எனக்கு அது எப்போதும் அப்படித்தான் கேட்டது.

மனேஜராக உன்னைப் பார்த்தவர்களுக்குத்தான் நீ யார் என்று தெரியும். முன்னால் ஆடுகிறவர்களை இரண்டு கிழமை பின்னால் நிறுத்தித் தடுக்க வைப்பாய். அவர்கள் முறைப்பார்கள். “தடுக்கிறவன்ர பயம் தெரியாட்டி கோல் வராது” என்பாய். மூன்று வருடத்தில் அணியை இரண்டு படி மேலே ஏற்றினாய். வேலை முடிந்து, வலிக்கிற காலோடு, சீமெந்துத் தூசி படிந்த பையன்களை வைத்துக்கொண்டு ஏற்றினாய்.

அப்போதுதான் நகரத்துப் பெரிய அணியொன்று மனேஜர் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டது. நீ ஞாயிறு காலை உன் தோல்பையோடு என் வீட்டுக்கு வந்தாய். சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டியிருந்தாய், கடிதம் எழுதுவதற்கே! குசினி மேசையில் துண்டுகளையெல்லாம் பரப்பிவிட்டுச் சொல்லச் சொல்ல நான் குறிப்பெடுத்தேன். எந்த வருடம், எத்தனை கோல், யாருக்கு எதிராக. கடைசியில் என் கையைப் பிடித்துச் சொன்னாய்: “என்னை விட நல்ல ஆள் இந்த நாட்டில இல்லை எண்டு எழுது. அது பொய்யில்லை.”

நான் எழுதவில்லை. நீ போனபின் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன், கை வரவில்லை. தன்னைத் தானே புகழ்ந்து எழுதுகிறவனுடைய விண்ணப்பத்தை எங்கள் கந்தோரில் பெரியவர் வாசிக்காமலே ஒதுக்கிவைப்பார். நானே அப்படி எத்தனையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே, விளையாட்டில் ஓரளவு அனுபவமுண்டு என்று எழுதினேன். தகுதி குறைந்தவனாயினும் வாய்ப்பளித்தால் கற்றுக்கொண்டு உண்மையாய் உழைப்பேன் என்று எழுதினேன். கோல்களின் கணக்கை விட்டுவிட்டேன். ஸ்பானிய மொழித் துண்டுகளை இங்கே யார் வாசிப்பார்கள் என்று அவற்றையும் வைக்கவில்லை.

என் மனைவி தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, “அந்த மனுசன் சொன்னதை அப்படியே எழுதினா என்ன?” என்று கேட்டாள். இதெல்லாம் உனக்கு விளங்காது என்றேன். அவள் போகாமல் நின்றாள். “அவர் அங்க போனா உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போக இடமில்லை. அதுதானே?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு நான் அவளோடு பேசவில்லை. அவள் சொன்னது உண்மையா என்று இன்றுவரை என்னால் அறுதியாகச் சொல்ல முடியவில்லை. முழுப் பொய் என்று சொல்லவும் முடியவில்லை.

மறுநாள் தொழிற்சாலையில், சாப்பாட்டு நேரத்தில், கடிதத்தை உன்னிடம் நீட்டினேன். நீ அதைத் தலைகீழாகப் பிடிக்காத குறை. வரிகளின் மேல் விரலை ஓட்டிவிட்டு எல்லாம் போட்டாயா என்று கேட்டாய். எல்லாம் போட்டிருக்கிறேன் என்றேன். கையை உடுப்பில் துடைத்துவிட்டுப் பெரிதாகக் கையெழுத்து வைத்தாய். கிளாக்கர் பழக்கத்தில் நான் எடுத்திருந்த கார்பன் பிரதியையும் உனக்கு வேண்டுமென்று வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாய்.

பதில் ஐந்து கிழமைக்குப் பிறகு வந்தது. உயர்மட்டத்தில் விளையாடிய அனுபவமுள்ளவரைத்தான் தேடுகிறோம், ஆர்வத்துக்கு நன்றி என்று இரண்டே வரி. நான் வாசித்துக் காட்டினேன். நீ திரும்ப வாசிக்கச் சொன்னாய். வாசித்தேன். “என்னையோ?” என்று கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் என்னை நாலு ஏச்சு ஏசிவிட்டு, சரியாக ஒன்று எழுதுவித்து, நேரே கொண்டுபோய்க் கொடுத்திருப்பாய். நான் சொன்னது வேறு. இவர்கள் இப்படித்தான், எங்களைப் போன்ற ஆட்களை எடுக்கமாட்டார்கள் என்றேன்.

பாவி நான். வேறு எத்தனையோ இடங்களில் அது உண்மையாகவே நடந்துகொண்டிருந்தபடியால் நீ உடனே நம்பிவிட்டாய். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நீ நீயாக இல்லை. அடுத்த பருவத்தில் மனேஜர் வேலையை விட்டாய். வேறு அணிகளிலிருந்து ஆள் விட்டுக் கேட்டபோதும் சிரித்துவிட்டுக் கையை விரித்தாய். இந்த நாட்டுக்குக் கதவு பூட்டத்தான் நான் வேண்டும் என்று நீ சொன்னதைத் தொழிற்சாலையில் எல்லோரும் பகிடியாக எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறுகளில் வீட்டிலேயே இருந்தாய். நான் வந்து கூப்பிட்டால் கால் வலி என்பாய். நான்கு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, கதவொன்றைத் தூக்கியபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். பக்கத்தில் நான்தான் நின்றேன். கதவை உன் கையிலிருந்து நான்தான் வாங்கினேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் உன் வீட்டில் கூடியிருந்தபோது உன் மனைவி அந்தத் தோல்பையைக் கொண்டுவந்தாள். துண்டுகளுக்கு மேலே நாலாக மடித்த கார்பன் பிரதி இருந்தது. அவளுக்கும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. உன்னைப் பற்றி இந்த நாட்டு மொழியில் எழுதப்பட்டது இது ஒன்றுதான் என்றும், எழுதியவர் இவர்தான் என்றும் எல்லோருக்கும் என்னைக் காட்டினாள். பிறகு உன் மகளிடம் கொடுத்து, எல்லோருக்கும் ஸ்பானிய மொழியில் சொல்லச் சொன்னாள். பள்ளியில் கடைசி வகுப்புப் படிக்கிற பிள்ளை. அவள் எழும்பி நின்று முதலில் மனதுக்குள் வாசித்தாள். ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தோல்பையைப் பார்த்தேன்.

பிறகு அவள் தாளைப் பார்த்தபடி பேசத் தொடங்கினாள். நிறுத்தாமல் பேசினாள். உன் பழைய ஆட்டக்காரர்கள் தலையாட்டினார்கள், ஒருவன் கைதட்டினான், உன் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாளில் இருந்தது பத்து வரி. அவள் பேசியதோ அதைப்போல நாலு மடங்கு.

நான் புறப்பட்டபோது வாசல்வரை வந்தாள். குரலை உயர்த்தவில்லை, ஏசவுமில்லை.

“அங்கிள், அப்பா போட்ட கோலெல்லாத்தையும் நானே சொல்லிட்டன். அம்மா நம்பிட்டா” என்றாள்.

பதினேழு வயதுப் பிள்ளை இப்போது எனக்காகத் தாயிடம் பொய் காத்துக்கொண்டிருக்கிறாள். அவளை அதிலிருந்து விடுவிக்க ஒரே வழிதான் உண்டு. உன் மனைவிக்கு நான் உண்மையைச் சொல்லவேண்டும். சொல்லவேண்டுமென்றே மூன்று ஞாயிறு உன் வீட்டுக்குப் போனேன். மூன்று தடவையும் அவள் என்னை உன் கதிரையில் இருத்தினாள். தன் கணவருக்காக இந்த நாட்டில் நல்லதாக எழுதியவர் என்று பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டினாள். சோறு போட்டாள்.

சாப்பிட்டுவிட்டு வந்தேன்.