மணல் மருந்து

1938 மாசி 9, புதன்

உடம்பு அலுத்துக் கிடக்கிறது. ஆனாலும் நித்திரை வரவில்லை.

பனிச்சங்கேணிக் கண்ணம்மை இன்று மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் மருந்துச்சாலைக்கு வந்தாள். பூரணிக்கு நாலு வயது முடிந்துவிட்டது. இன்னும் பேச்சில்லை, நடையில்லை. பிறந்த நாளிலிருந்து பார்த்துவருகிறவன் நான். சத்து மருந்து என்று மாதாமாதம் சிவப்புத் தண்ணீர் ஒரு போத்தல் கொடுக்கிறேன். வேறென்ன கொடுப்பதென்று எனக்குத் தெரியாது.

கால்களைப் பிடித்துப் பார்த்தேன். போன வருடத்தைவிடத் தொய்ந்து கிடந்தன. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நீங்க ஏசினதால குழி தோண்டுறத உட்டுட்டன் ஐயா. குழியில நிப்பாட்டின காலத்தில தூணப் புடிச்சிக் கொஞ்சம் நிண்டவள்."

ஏசியது நினைவிருக்கிறது. வாவிக்கரை மணலில் இடுப்பளவு குழி தோண்டி, பிள்ளையை அதற்குள் நிறுத்தி, சுற்றி மணலை நிரப்பி வைப்பாள். அவர்கள் ஊர் வழக்கம். பிள்ளையை உயிரோடு புதைக்கிறாயா என்று கத்தினேன். பிள்ளை நிற்பதை ஒரு நாளாவது போய்ப் பார்த்தேனா? இல்லை.

இன்று ஒரு மருந்துச் சீட்டில் எழுதி, வாசித்தும் காட்டினேன். காலையும் மாலையும் இடுப்பளவு மணலில் நிறுத்தவும்.

அவள் என்னையே பார்த்தாள். "இது நான் செஞ்சதுதானே ஐயா?"

குரலில் கோபமாவது இருந்திருக்கலாம். பிழை என்னுடையது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"சாப்பாட்டுக்குப் பிறகு" என்றேன்.

தலையாட்டினாள். இனி அதையும் தவறாமல் செய்வாள்.