வேட்டியில் பதிந்த நம்பர்

காளையோட அப்பாவுக்கு,

நைட் ஷிப்ட் அலுப்புல தூங்குறீங்க, எழுப்பல. அக்கா வீட்டுக்குப் போறேன், சாயங்காலம் வந்துருவேன். கருவாட்டுக் குழம்பு மூடி வச்சிருக்கேன்.

பழைய இரும்புக் கடையில நீங்க வாங்கியாந்த கோ-கார்ட் ரேஸ் வண்டிச் சட்டத்துல துணி காயப்போடாதன்னு நேத்து அம்புட்டுச் சத்தம் போட்டீங்க. நீங்க மில்லுக்குப் போனதும் கோவத்துல உங்க வெள்ளை வேட்டியவே ஈரத்தோட அதுல சுத்திக் கட்டினேன். துருக்கறை பிடிச்சிருச்சு. தப்புதான்.

ஆனா எந்தக் கம்பெனி வண்டின்னு மூணு மாசமா மேல்பக்கத்தையே தேச்சுத் தேச்சுப் பாத்தீங்களே, அந்தப் பேரும் நம்பரும் பின்குழாய்க்கு அடியில புடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. கறையில அப்படியே பதிஞ்சிருக்கு. எழுத்து திரும்பியிருக்கு, கண்ணாடியில காட்டிப் படிங்க.

சீனியம்மாள்

மறந்துட்டேன்: மத்த குழாயிலயும் இப்படித் தேடணும்னா என் சேலையத் தொடாதீங்க. உங்களுக்கு இன்னும் ரெண்டு வேட்டி இருக்கு.