ஸ்விட்ச் இல்லாத மெஷினுக்கு ஓர் அட்டை

நேற்று மாமல்லபுரம் கடற்கரையில் சுண்டல் வாங்கினேன். அள்ளித் தின்ன, ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் அட்டை ஒன்றை மடித்துக் கொடுத்தான் விற்பவன். நம் ஆபீஸ் கழிவு எடைக்குப் போய் இங்கே வந்திருக்கிறது. தின்றபடி உன்னை நினைத்தேன்.

அப்போது நம் ஆபீஸ் வாடகைக்கு எடுத்த பழைய கம்ப்யூட்டர் மெஷின் திரும்பப் போகவிருந்தது. புதிய மெஷினை நடத்தும் முறையே வேறு. பழைய புரோகிராம்கள் அதில் ஓடாது. எல்லாவற்றையும் திருப்பி எழுத ஆளில்லை. புதியதையே பழையதுபோல நடிக்க வைக்கும் புரோகிராம் ஒன்றை எழுதிவிட்டால், தினக்கூலியாக இருந்த உன்னை நிரந்தரமாக்குவதாக அதிகாரி சொன்னார்.

கருங்குழிக் காலனியிலிருந்து பஸ் பிடித்து வந்து எழுதினாய். பழைய மெஷினின் ஒரு கட்டளைக்குப் புதியது பத்து வேலை செய்ய வேண்டியிருந்தது.

"ரொம்ப இழுக்குதே" என்றேன்.

"நானும் அப்டித்தான மச்சான். உள்ள வந்தா அவுங்க பேச்சு, வெளிய போனா நம்ம பேச்சு. மாத்தி மாத்திப் பேசிகினு கீறேன். டைம் ஆவாதா?"

ஓட்டிக் காட்டிய அன்று மாதக் கடைசி ஸ்டோர்ஸ் கணக்கு பாதியில் நின்றுவிட்டது. "இன்னாப்பா, நின்னுகினு கீது?" என்று அதிகாரி உன்னைப் போலவே பேசிக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ ஆபரேட்டரிடம் போய்க் கேட்டாய். மாதக் கடைசிக் கணக்கின்போது ஆபரேட்டர் பழைய மெஷினில் ஒரு ஸ்விட்சைத் தூக்கிவிடுவது வழக்கம். கைப்பழக்கம் என்பதால் யாரும் அதை எழுதி வைக்கவில்லை. புதிய மெஷினில் அந்த ஸ்விட்சே கிடையாது. புரோகிராம் அந்தக் கைக்காகக் காத்திருந்தது. ஸ்விட்சுக்குப் பதிலாக ஓர் அட்டையைக் குத்தி, அட்டைக் கட்டின் தலையில் வைத்தாய். கடைசிவரை ஓடியது.

"முன்ன மாதிரியேதான் இருக்கு. எதுவும் மாறலையே" என்றார் அதிகாரி.

"மாறக் கூடாதுன்னுதான் சார் எழுதுனேன்."

எதுவும் மாறவில்லை என்பதால் நீ எதுவும் செய்யவில்லை என்றாகிவிட்டது. வேலை முடிந்தது, இனி ஆள் எதற்கு என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஆபீஸில் இதற்கு நடைமுறை என்று பெயர். அடுத்த மழைக்காலத்தில், செங்கல்பட்டில், மஞ்சள்காமாலையில் நீ போனாய். சாவுக்கு ஆபீஸிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான்.

உன் அட்டை என் சட்டைப்பையில் இருக்கிறது. மாதக் கடைசியில் எடுத்துக் கட்டின் தலையில் வைப்பேன். போன மாதம் அதே அதிகாரி, "இது என்ன குப்பை? எடு" என்றார். எடுத்தேன். மெஷின் பாதியில் நின்றது.

"யார் வேலை இது?" என்று கத்தினார்.

உன் பெயரைச் சொன்னேன். அவருக்கு நினைவில்லை. திரும்பச் சொன்னேன். அவர் வாயால் அந்தப் பெயரைச் சொல்லும் வரை அட்டையை வைக்கவில்லை.