கை நனைக்காத வெள்ளிக்கிழமை

விருதுநகர்
3-6-1957

அன்புள்ள தங்கச்சி சண்முகத்தாய்க்கு அண்ணன் முனியசாமி எழுதியது. இங்கே நானும் உன் மதினி வீரலட்சுமியும் சொர்ணமும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை கருத்தப்பாண்டியும் மருமகன் காளிராஜும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நான் சுகம் என்று எழுதியதில் பாதிதான் உண்மை. போன மாதம் மண்டியில் மிளகாய் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்றேன். இருநூற்று முப்பத்தெட்டு ராத்தல். எடை போடுகிறவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. சாயங்காலமானால் கால் வீங்குகிறது. மதினி அழுது அடம்பிடித்து மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சீமையில் படித்த டாக்டர். இருதயம் பெருத்திருக்கிறது, இந்த உடம்பைச் சுமக்க அதற்குத் திராணி இல்லை, அறுபது ராத்தலாவது இறக்காவிட்டால் வருகிற தீபாவளிக்கு நான் பொறுப்பில்லை என்று மதினியை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

வைத்தியம் என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பாடு, பகல் பன்னிரண்டு மணிக்கு. அதிலும் சோறு கூடாது. கம்பு, சோளம், கிழங்கு, சீனி, கருப்பட்டி, பழம் எதுவுமே கூடாது. கொழுப்போடு கறி, முட்டை, நெய், தேங்காய், கீரை, இதெல்லாம் வயிறாரச் சாப்பிடலாம். மற்ற நேரத்துக்கு உப்புப் போட்ட தண்ணீரும் சீனி இல்லாத கடுங்காப்பியும், வயிறு கேட்டால் கொஞ்சம் மோரும். சோறு உள்ளே போகாவிட்டால் உடம்பு தன் கொழுப்பைத் தானே எரித்துக்கொள்ளுமாம். "நெய் தின்னா மெலிவாகளா டாக்டரய்யா?" என்று மதினி கேட்டாள். "சோறு தின்னுதானேம்மா இப்படி ஆனார்" என்று அவர் சொல்லிவிட்டார். ஒரு பருக்கைகூடத் தொடாதீர்கள் என்று எனக்குத் தனியாக எச்சரிக்கை. என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா, ஒரு கவளம் என்று கை வைத்தால் பானையின் அடி தெரிகிறவரை எழுந்திருக்க மாட்டேன்.

இன்று ஒன்பதாம் நாள். முதல் நாலு நாள் தலை பிளந்துவிட்டது. இப்போது பரவாயில்லை. ஆனால் கஞ்சி வடிக்கிற வாசனை வந்தால் எனக்கு அழுகை வருகிறது. ஐம்பது வயது ஆள் சோற்றுக்கு அழுதான் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவைக்காதே.

இன்னொன்று. இருதய சமாச்சாரம் உன்னோடு இருக்கட்டும். சொர்ணத்தை உன் மகன் காளிராஜுக்குப் பேசி முடிக்கிற நேரம். நோய்க்காரன் மகள் என்று உன் வீட்டுப் பங்காளிகள் வாயில் விழ வேண்டாம். உடம்பைக் குறைக்கிறான் என்று மட்டும் சொல்.

அன்புள்ள அண்ணன்
முனியசாமி


ஆலங்குளம்
10-6-1957

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை சண்முகத்தாய் வணக்கமாய் எழுதுவது. உங்கள் கடுதாசி வந்தது. படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். மிளகாய் வறுக்கிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

இத்தனை வருஷம் எனக்கு எழுதாமல் உடம்பை இப்படி வளர்த்து வைத்துக்கொண்டு, இப்போது இருதயம் என்று எழுதினால் நான் என்ன செய்வேன்? மதினிக்கு உங்களை மிரட்டி நடத்தத் தெரியாது. உங்களுக்கு அவள் பேரிலும் பயமில்லை. டாக்டர் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள் அண்ணே.

காளிராஜ் சிவகாசி அச்சாபீசிலிருந்து ஒரு காலண்டர் கொண்டுவந்து சுவரில் மாட்டியிருக்கிறான். ஆனி ஏழாம் தேதி வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டதும் அவன்தான். கேட்டால் அச்சாபீசில் சோதனைக்குப் போட்ட மை என்கிறான். அன்று சாயங்காலம் வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம் என்று உங்கள் மாப்பிள்ளை சொல்லிவிட்டார். பங்காளிகள் எல்லாரும் வருவார்கள். அவருடைய பெரியப்பா உக்கிரபாண்டிதான் முன்னே உட்காருவார்.

எனக்கு ஒரே கவலைதான். வெற்றிலை மாற்றினதும் இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் கை நனைக்க வேண்டும். எங்கள் ஊரில் கை நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். இது உங்களுக்கும் தெரிந்ததுதான். மோர் குடிப்பதெல்லாம் கணக்கில் வராது. நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? உங்கள் மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். "அண்ணன் வந்தா எல்லாம் சரியாயிரும், நீ சும்மா இரு" என்றார். காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை.

இப்படிக்கு
தங்கை சண்முகத்தாய்


விருதுநகர்
23-6-1957

அன்புள்ள சண்முகத்தாய்க்கு,

நேற்று முழுக்க உனக்கு எழுத உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, இன்றுதான் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையதுதான். இலை போடுவதற்கு முன்னால் நான் வெளியே எழுந்து போயிருக்க வேண்டும். பந்தியில் உட்காராவிட்டால் தப்பாக நினைப்பார்களே என்று உட்கார்ந்தேன். நீ சோற்றுச் சட்டியோடு என் இலைக்கு முன்னால் வந்து, போடலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தாய் அல்லவா? அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று சட்டென்று இலையை மடித்துவிட்டேன். சோறு விழாத இலையை மடித்தால் என்ன அர்த்தம் என்று மடித்த பிறகுதான் உறைத்தது. பந்தி முழுக்கக் கை நின்றுபோனது இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது.

மாப்பிள்ளையின் காதோடு குனிந்து, "பகல்ல சாப்பிட்டுட்டேன் மாப்ளே, டாக்டர் ஒரு வேளைதான்னு சொல்லியிருக்காரு" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியப்பா கேட்டதற்கும் அதையேதான் சொன்னேன். "மைனரு மாதிரி இடுப்பு வேணுமாக்கும்" என்றார். நானும் சிரித்துவைத்தேன். சிரித்திருக்கக் கூடாது.

நீ மாப்பிள்ளையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்.

உன் அண்ணன்
முனியசாமி


ஆலங்குளம்
1-7-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் போன பிறகு நடந்ததை எழுதாமல் விட்டால் உங்களுக்குப் புரியாது, அதனால் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சங்கிலிமுத்து, உங்கள் மாப்பிள்ளையின் சித்தப்பா மகன், அன்று பகலில் மிளகாய் லோடு இறக்க உங்கள் மண்டிக்கு வந்திருக்கிறார். "தூக்குச்சட்டி நெறையக் கறி, நாலு முட்டை. என் கண்ணாலே பார்த்தேன். வெள்ளிக்கெழமையும் அதுவுமா, மகளுக்கு வெத்திலை மாத்துற அன்னைக்கு" என்று நடுவீட்டில் வைத்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை என்பது உங்கள் டாக்டருக்குத் தெரியாது. இவர்களுக்கு டாக்டரைத் தெரியாது.

உங்கள் மாப்பிள்ளை, "அங்கன உக்காந்து கறி திங்கத் தெரியுது, எங்க வீட்டுச் சோறு மட்டும் எறங்கலையாக்கும்" என்றார். நெய்யும் கறியும் தின்று உடம்பு இளைக்குமா என்று பெரியப்பா கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். நான் இளைக்கும் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் காதோடு பேசியபோது உங்கள் வாயில் ஏதோ வாடை வந்ததாம். "கள்ளச்சாராயம் குடிச்சிட்டு வந்துதான் எலைய மடிச்சாக" என்று உங்கள் மாப்பிள்ளை அடித்துச் சொல்கிறார். என் அண்ணன் வெற்றிலை போட்டாலே தலை சுற்றும் ஆள் என்று சத்தியம் பண்ணினேன். "அப்ப நான் பொய்யா சொல்லுதேன்?" என்று கேட்டார்.

கடைசியில் பெரியப்பா ஒரு முடிவு சொன்னார். ஆடிப் பதினெட்டுக்கு நீங்கள் வர வேண்டும். எங்கள் வீடு, பெரியப்பா வீடு, சங்கிலிமுத்து வீடு, மூன்று வீட்டிலும் மூன்று வேளை உட்கார்ந்து சோறு சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் ஆவணியில் கல்யாணம். இல்லாவிட்டால் வெற்றிலையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

கல்யாணம் என்றால் அதோடு முடியுமா அண்ணே? எட்டுப் பங்காளி வீடு. வீட்டுக்கு ஒரு விருந்து, அப்புறம் மறுவீடு, அப்புறம் தீபாவளி. நான் கணக்குப் போட்டுப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டேன். உங்களை வாருங்கள் என்று எழுதவும் கை வரவில்லை. வராதீர்கள் என்று எழுதவும் வரவில்லை.

தங்கை
சண்முகத்தாய்


விருதுநகர்
22-7-1957

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் வருகிறேன். மூன்று வீடு என்ன, முப்பது வீடு என்றாலும் சாப்பிடுகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு.

அந்த வாடையைப் பற்றி மதினியும் அப்போதே சொன்னாள், பழம் அழுகினது மாதிரி வருகிறது என்று. சோற்றை நிறுத்தி உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சிலருக்கு அப்படி வாயில் வருமாம். டாக்டர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார், வைத்தியம் பிடித்துக்கொண்டது என்று. அவர் சந்தோஷப்பட்ட வாடையை மாப்பிள்ளை சாராயம் என்கிறார். நான் யாரிடம் போய்ச் சொல்ல?

இப்போது அந்த வாடை இல்லை. ஏனென்றால் பத்து நாளாகச் சோறு சாப்பிட்டுப் பழகுகிறேன். ஒன்றரை மாதம் சோறில்லாத வயிறு, திடீரென்று மூன்று வீட்டில் சாப்பிட்டால் பந்தியிலேயே ஓங்கரித்து அசிங்கமாகிவிடுமே என்றுதான். முதல் நாள் ஒரு கைப்பிடி என்றுதான் உட்கார்ந்தேன். உனக்குத்தான் என்னைத் தெரியுமே. மதினி பானையை எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். நான் கதவைத் தட்டினேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இறங்கின இருபது ராத்தலில் பாதி ஏறியிருக்கும். தராசுப் பக்கம் போகவில்லை.

காலில் செருப்பு ஏற மாட்டேன் என்கிறது, அதனால் வெறுங்காலோடு மண்டிக்குப் போகிறேன். படுத்தால் மூச்சு வாங்குகிறது. சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப் பழகிவிட்டேன். ஆடிக் காற்றுதான் காரணம், வேறொன்றுமில்லை. மதுரைக்குப் போகவில்லை. ஆவணி கழித்துப் போய் அவர் திட்டுவதை மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன்.

சொர்ணத்துக்கு இருதய விஷயம் தெரியாது. அப்பா மறுபடியும் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று அவளுக்குச் சந்தோஷம். அவளே பரிமாறுகிறாள்.

அன்புள்ள அண்ணன்
முனியசாமி


ஆலங்குளம்
28-7-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் விருதுநகருக்கு மிளகாய் போட வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் ஆடிப் பதினெட்டுக்கு வர வேண்டாம். வந்தாலும் இங்கே இலை போட மாட்டார்கள். நேற்றுப் பங்காளிகள் கூடியிருந்தபோது நானே எழுந்து, "எங்க அண்ணன் மக எனக்கு வேண்டாம். அன்னைக்கே எனக்கு மனசு ஒப்பலை. வேற எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மாப்பிள்ளை இரண்டு தடவை திரும்பத் திரும்பக் கேட்டார். "ஏய், அவுக வந்து ஒரு வாய் சாப்பிட்டாப் போதும்னுதான சொன்னேன், பொண்ணு வேண்டாம்னு நான் சொன்னனா?" என்றார். பாவம், சம்பந்தத்தை முறிப்பதில் அவருக்கும் விருப்பமில்லை. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. இருதயம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். நம்பிவிட்டு, அந்த நோய் மகளுக்கும் வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பார்கள். இந்த இடமும் போய், சொர்ணத்துக்கு எந்த இடமும் அமையாமல் போயிருக்கும். அதனால் பழியை என் மேல் போட்டுக்கொண்டேன். வேண்டாம் என்றது அத்தைதான் என்றால் பெண் பேரில் ஒரு சொல் வராது.

இனி இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அண்ணன் மகளை வேண்டாம் என்றவளுக்கு அண்ணன் வீட்டில் என்ன வேலை என்றார். அவர் சொன்னது நியாயம்தான். காளிராஜ், "எம்மா, நீயா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டான். சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போனவன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

உங்கள் கடுதாசியை நாலு தடவை படித்தேன். ஆடிக் காற்றுக்குக் கால் வீங்காது அண்ணே. நம் அப்பா கடைசி வருஷம் சுவரில் சாய்ந்து தூங்கினதை நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் என் வீட்டில் சோறு சாப்பிட்டுச் செத்துப்போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எங்கேயோ உயிரோடு இருக்கிற அண்ணன் போதும். இந்தக் கடுதாசி கிடைத்த அன்றே மதினியோடு மதுரைக்குப் போங்கள். டாக்டர் திட்டட்டும். பதில் எழுத வேண்டாம்.

சொர்ணம் காரணம் கேட்பாள். அத்தைக்குப் புத்தி மாறிவிட்டது, அத்தை அப்படித்தான் என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால், அப்பாவுக்குப் பரிமாறின ஒவ்வொரு அகப்பையையும் நினைத்து நினைத்து அழுவாள். அவள் என்னைத் திட்டட்டும். என் பேரைச் சொல்லி மண்ணை வாரி இறைக்கட்டும். தடுக்காதீர்கள்.

தங்கை
சண்முகத்தாய்